மகளிரியல் முதுகலை: பினாங்கா, கோலாலம்பூரா? எந்த முறை, என்ன தலைப்பு?

பட்டர்வொர்த்_மேகலை:
வணக்கம். மகளிரியல் அல்லது பாலினவியலில் மாஸ்டர் செய்ய ஆலோசனை வேண்டும். இளங்கலை வணிக நிர்வாகம். வேலையை விட முடியாது, ஆகவே பகுதி நேரம்தான். யோசித்து வைத்திருக்கும் தலைப்பு: "பினாங்குத் தொழிற்சாலைகளில் தமிழ்ப் பெண்கள் எதிர்நோக்கும் சவால்கள்". எங்கே விண்ணப்பிக்கலாம், வேறு துறைப் பட்டம் தடையாக இருக்குமா, நேர்காணலைத் தமிழில் எடுத்தால் ஏற்பார்களா, பணத்துக்கு என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்காரன்:
பல்கலைக்கழகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் முறையைத் தீர்மானியுங்கள். மூன்று வகை இருக்கிறது. ஆய்வு முறையில் கிரெடிட் கணக்கு கிடையாது, ஆய்வேடுதான் எல்லாம். பாடநெறி முறையில் குறைந்தது 40 கிரெடிட் முடிக்க வேண்டும். இரண்டும் கலந்தது மூன்றாவது. வேலை பார்ப்பவர்கள் ஆய்வு முறை சுலபம் என்று நினைத்துச் சேர்கிறார்கள், வகுப்புக்குப் போகத் தேவையில்லையே என்று. ஆனால் வாராவாரம் துரத்துவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். ஆய்வு நெறிமுறை வகுப்பு ஒன்று பெரும்பாலும் கட்டாயம், அது முடிந்ததும் தனியாகத்தான் நடக்க வேண்டும். பாதியில் நிற்பவர்கள் நிற்குமிடம் அதுதான்.

இடம்: பினாங்கில் யுஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) கனிதா இருக்கிறது. 1978-இல் பெண்கள், குழந்தைகள் பற்றிய ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. 'கானாக்-கானாக் டான் வனிதா' என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். இப்போது பெண்கள், பாலின ஆய்வுக்கான மையம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கலை, சமூக அறிவியல் புலத்தில் பாலின ஆய்வுப் பிரிவு உண்டு. உங்கள் களம் பினாங்கு என்றால் கோலாலம்பூரில் சேர்வதற்கு வலுவான காரணம் வேண்டும்: அங்கே குறிப்பிட்ட மேற்பார்வையாளர் இருக்கிறார், அல்லது தமிழ் நூல் தொகுப்பு தேவை, இப்படி ஏதாவது. இல்லாவிட்டால் டோல் காசும் பஸ் காசும்தான் மிச்சம்.

வேறு துறைப் பட்டம் தடையல்ல. அடிப்படைப் பாடம் ஒன்றிரண்டு கூடுதலாக எடுக்கச் சொல்லலாம், அதற்கு ஒரு செமஸ்டரை ஒதுக்கி வையுங்கள். தனியார் கல்லூரி எதையாவது பார்த்தால் எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) பதிவேட்டில் அந்தப் பாடத்திட்டத்தின் பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி பதிவாகியிருப்பது வேறு, பாடத்திட்டம் அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு.

வெட்டுக்காடு:
தலைப்பைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். "எதிர்நோக்கும் சவால்கள்" என்ற சொற்றொடரைப் பார்த்தாலே தேர்வாளருக்குக் கொட்டாவி வந்துவிடும். சவால் என்றால் சம்பளமா, பஸ்ஸா, மாமியாரா, மேற்பார்வையாளரா, மாதவிடாய் நேரத்தில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பதா? எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் கடைசியில் "பெண்கள் பல சவால்களை எதிர்நோக்குகின்றனர்" என்றுதான் முடிப்பீர்கள். அது ஆய்வுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்.

மூன்று கத்தரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடம்: பினாங்கு முழுவதுமா, பாயான் லெப்பாஸ் மட்டுமா, பிறையா? பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப மண்டலம் 1972-இல் தொடங்கியது, அதற்கென்று தனி வரலாறு உண்டு. ஆட்கள்: திருமணமானவர்களா, தனித்து வாழும் தாய்மார்களா, தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களா? செயல்: இது ஒரு வினைச்சொல்லாக இருக்க வேண்டும். இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள், சம்பளத்தைப் பிரிக்கிறார்கள், பிள்ளையை ஒருவரிடம் விடுகிறார்கள். வினைச்சொல் கிடைத்துவிட்டால் கேள்வி தானாக வரும். "சவால்" பெயர்ச்சொல், அது எங்கேயும் நகராது.

பட்டர்வொர்த்_மேகலை:
கோபமில்லை அண்ணா, நன்றி. வினைச்சொல் என்றால் இரவு ஷிப்டைத்தான் எடுப்பேன். மாலை 7 முதல் காலை 7 வரை வேலை செய்யும் பெண்களின் வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், இவர்கள் எப்போது தூங்குகிறார்கள். இது போதுமா? ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது.

வெட்டுக்காடு:
சின்னதாகத் தெரிந்தால் சரியான அளவு என்று அர்த்தம். மாஸ்டருக்கு அது தாராளம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வக்கீல்:
இரவு ஷிப்ட் என்றால் சட்டப் பின்னணியை ஒரு பகுதியாகவாவது எழுத வேண்டியிருக்கும். இங்கேதான் பலர் பழைய நூலை நம்பி மாட்டிக்கொள்கிறார்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, தொழில்துறை, விவசாயத் துறைகளில் பெண்களை இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே வேலை வாங்குவதைத் தடுத்தது. தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விலக்கு அளிக்கலாம், மின்னணு ஆலைகளின் இரவு ஷிப்ட் அந்த வழியில்தான் ஓடியது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது, அமலுக்கு வந்தது 1 ஜனவரி 2023. ஆகவே "மலேசியச் சட்டம் பெண்களின் இரவு வேலையைத் தடை செய்கிறது" என்று இன்று எழுதினால் தவறு. "எப்போதும் தடையே இருந்ததில்லை" என்றாலும் தவறு. உங்களிடம் பேசும் பெண் 2023-க்கு முன்பு சேர்ந்தவரா, பிறகு சேர்ந்தவரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே திருத்தம்தான் பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கியது, தந்தைக்கு 7 நாள் விடுப்பும் அதில் வந்தது. இது தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் உரிய சட்டம். சபா, சரவாக்கிற்குத் தனிச் சட்டங்கள் உண்டு, "மலேசியா முழுவதும்" என்று எழுதிவிடாதீர்கள்.

அரசியலமைப்பின் 8(2)-ஆம் பிரிவில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் சொல் 2001-இல்தான் சேர்ந்தது. அது தனியார் முதலாளியைக் கட்டுமா? விமானப் பணிப்பெண் கர்ப்பமானதால் வேலையிழந்த பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் இல்லை என்றது. அரசாங்கத் தற்காலிக ஆசிரியர் வேலை கர்ப்பத்தால் மறுக்கப்பட்ட நூர்ஃபடில்லா வழக்கில் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2011-இல் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐநாவின் 'சிடோ' உடன்படிக்கையையும் துணைக்கு எடுத்துக்கொண்டது. மலேசியா அதில் 1995-இல் இணைந்தது. தனியார் ஆலையை ஆராயும் உங்களுக்கு இந்த இரண்டு வழக்குகளுக்கும் இடையே உள்ள பள்ளம்தான் முக்கியம். இரண்டையும் ஒரே பத்தியில் "நீதிமன்றங்கள் பெண்களைப் பாதுகாக்கின்றன" என்று குழைத்து எழுதிய ஆய்வேடுகள் உண்டு. படிக்கும்போது பல் கூசும்.

நூலகத்_தூசி:
கோட்பாட்டுப் பக்கம் ஒன்று. "குறுக்குவெட்டுப் பார்வை", அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் ஒரு கட்டுரையில் பெயரிட்டது. எல்லா முன்மொழிவிலும் ஒரு பத்தி இருக்கும்: இனம், வர்க்கம், பால் மூன்றும் சேர்ந்து ஒடுக்குகின்றன, அவ்வளவுதான். அவர் அந்தக் கட்டுரையில் எடுத்து ஆராய்ந்தவற்றில் ஒன்று தொழிற்சாலை வழக்கு என்பது பலருக்குத் தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்குறைப்பில் கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். கறுப்பினப் பெண்கள்தான் கடைசியில் சேர்க்கப்பட்டவர்கள், அதனால் அவர்களே மொத்தமாக வெளியேறினார்கள். நீதிமன்றமோ வெள்ளைப் பெண்கள் முன்பே வேலையில் இருந்தார்கள், எனவே பால் பாகுபாடு இல்லை என்றது, இனப் பாகுபாட்டை வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னது, இரண்டும் சேர்ந்த பாகுபாடு என்று தனியாக ஒன்றை ஏற்க மறுத்துவிட்டது. இந்தக் கணக்கை உங்கள் ஆலையில் போட்டுப் பாருங்கள். ஷிப்ட் மாற்றம் கேட்டால் யாருக்குக் கிடைக்கிறது? "பெண்களுக்கு" என்ற நெடுவரிசையிலும் "இந்தியர்களுக்கு" என்ற நெடுவரிசையிலும் தெரியாதது இரண்டும் வெட்டும் கட்டத்தில் தெரிகிறதா? அப்படிப் பயன்படுத்தினால்தான் கோட்பாடு. இல்லாவிட்டால் அது வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம்.

ஐவா ஓங்கின் ஆய்வையும் கண்டிப்பாக எடுப்பீர்கள். சிலாங்கூர் கோல லங்காட்டில் மலாய்ப் பெண் தொழிலாளர்களிடம் செய்தது, நூலாக 1987-இல் வந்தது. கம்போங்கிலிருந்து ஆலைக்கு வந்த இளம் மலாய்ப் பெண்களின் உலகம் அது. தோட்ட லயத்திலிருந்தோ அடுக்குமாடியிலிருந்தோ வரும் தமிழ்ப் பெண்ணுக்கு அதை அப்படியே போர்த்தக் கூடாது. தோட்டத்தில் பெண் முன்பே கூலி வாங்கியவள், பிரட்டுக்களத்தில் நின்றவள். ஆலைதான் அவளை முதன்முதலில் கூலிக்காரியாக்கியது என்று எழுதவே முடியாது. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன தலைமுறைக்கும், பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறும் தலைமுறைக்கும் இடையே என்ன மாறியது என்பது உங்கள் கேள்விக்கு நேராகப் போகும் கோடு.

ஈப்போ_ரோடு_டேட்டா:
எண்கள் பற்றி. புள்ளிவிவரத் துறையின் தொழிலாளர் கணக்கெடுப்பில் பெண்களின் பங்கேற்பு 55 விழுக்காட்டைச் சுற்றி நிற்கிறது, ஆண்களுடையது 80-க்கு மேல். முன்னுரையில் போட இது போதும். ஆனால் "பெண், இந்தியர், பினாங்கு, உற்பத்தித் துறை, இரவு ஷிப்ட்" என்று வடிகட்டிக்கொண்டே போனால் மாதிரிக் கணக்கெடுப்பில் கடைசிக் கட்டத்தில் விரல்விட்டு எண்ணும் ஆட்கள்தான் மிஞ்சுவார்கள். அதை வைத்து விழுக்காடு போடாதீர்கள். இன்னொன்று, கணக்கெடுப்பில் இருப்பது "இந்தியர்", தமிழர் அல்ல. மலையாளி, தெலுங்கர், பஞ்சாபி எல்லோரும் அதற்குள்தான்.

பழைய ஒப்பீடு வேண்டுமென்றால் மலேசியக் குடும்ப வாழ்க்கைக் கணக்கெடுப்பு இருக்கிறது. முதல் சுற்று 1976-77, இரண்டாம் சுற்று 1988-89. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. திருமணம், பிள்ளைப்பேறு, வேலை எல்லாம் பெண்களிடமே கேட்டது. கோப்புகள் பழைய வடிவம், குறியீட்டுப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும்.

நேரத்தை அளக்கப் போகிறீர்கள் என்றால் "ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வீட்டு வேலை?" என்று கேட்காதீர்கள். "என்ன, ஒரு ரெண்டு மணி நேரம் இருக்கும்" என்பார்கள். நாட்குறிப்புத் தாள் போடுங்கள்: 24 மணி நேரம், அரை மணிக்கு ஒரு கட்டம், மொத்தம் 48. இரண்டு நெடுவரிசை கட்டாயம், ஒன்று முக்கியமாகச் செய்தது, மற்றது கூடவே செய்தது. இரண்டாவது இல்லாவிட்டால் குழம்பு கொதிக்கும்போது பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது "சமையல்" என்று மட்டும் பதிவாகும், பிள்ளை வளர்ப்பு காணாமல் போய்விடும். வழக்கமான தாள் விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கும். அது இரவு ஷிப்டை நடுவில் வெட்டி இரண்டு நாளாக்கிவிடும். உங்களுக்கு மாலை 7-இல் தொடங்கி மறுநாள் மாலை 7-இல் முடியும் தாள் வேண்டும். ஷிப்ட் நாள் ஒன்று, ஓய்வு நாள் ஒன்று, ஆளுக்கு இரண்டு தாள். கசானா ஆய்வுக் கழகம் கோலாலம்பூரில் நேரப் பயன்பாட்டு ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்டது. செயல் வகைப் பட்டியலை நீங்களே கண்டுபிடிக்க வேண்டாம், அதைப் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள்.

சாந்தி_அக்கா_செந்தூல்:
தங்கச்சி, அறநெறி அனுமதியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் பலருக்கு ஒரு செமஸ்டரை விழுங்குகிறது. அதைத் தரும் குழு யுஎஸ்எம்மில் ஜெப்பெம், மலாயாவில் யுஎம்ரெக். அனுமதிக் கடிதம் கையில் வருவதற்கு முன் எடுத்த ஒரு நேர்காணலைக்கூட ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள். "சும்மா சோதனைக்குத்தான் எடுத்தேன்" என்றாலும் அதே பதில்தான்.

படிவம் திரும்பி வரும் காரணங்கள் பெரும்பாலும் இவை. தகவல் தாள் மலாய், ஆங்கிலம் இரண்டில் மட்டும் இருக்கும், நேர்காணலோ தமிழில். தமிழ்ப் பிரதி இருந்தாலும் அது அகராதித் தமிழாக இருக்கும்: "தாங்கள் இவ்வாய்வில் தன்னார்வமாகப் பங்கேற்பதற்கு இசைவளிக்கிறீர்கள்". இதைப் படித்துக் கையெழுத்துப் போடும் அக்காவுக்கு எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று தெரியாது. "இஷ்டமில்லன்னா பேச வேண்டாம், பாதியில நிறுத்தலாம், காரணம் சொல்லத் தேவையில்ல" என்ற அளவுக்கு இறங்கி எழுதுங்கள். எழுத்து வாசிக்காதவர்களுக்கு வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்யலாம், அதை முன்கூட்டியே படிவத்தில் குறிப்பிட வேண்டும்.

ஆலை மனிதவளப் பிரிவு வழியாக ஆள் பிடிக்காதீர்கள். சுலபம்தான், ஆனால் வருகிறவர்கள் கம்பெனி அனுப்பிய ஆள் என்று உங்களை நினைப்பார்கள், எல்லாம் நல்லாருக்கு என்பார்கள். கோயில், அடுக்குமாடி, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் என்று மூன்று தனித்தனி இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒருவர் அறிமுகப்படுத்தும் ஆட்கள் மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது. போனால் ஒரே லைனில் வேலை செய்யும் ஒரே தோழிக் கூட்டம்தான் உங்கள் ஆய்வாகிவிடும்.

வீட்டில் பேட்டி எடுக்கும்போது மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அது மாமியாரின் பேட்டி. சம்மதப் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கணவர் கைப்பேசியைப் பார்க்கும் வீடுகள் உண்டு, படிவத்தில் இருக்கும் ஒரு வரி அந்தப் பெண்ணுக்கு அன்றிரவே பிரச்சினையாகலாம். குடும்ப வன்முறை உங்கள் தலைப்பில்லை, ஆனாலும் பேச்சில் வரும். வந்தால் என்ன செய்வீர்கள் என்று படிவத்தில் கேட்பார்கள். அரசின் உதவித் தொலைபேசி தாலியான் காசே 15999, பினாங்கில் 1985 முதல் இயங்கும் டபிள்யூசிசி பெண்கள் மையம், இந்த விவரங்களைச் சின்னச் சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு மேலே வேறு ஏதாவது போல இருக்கட்டும், கைப்பையில் கிடந்தாலும் கண்ணை உறுத்தாமல்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வக்கீல்:
அக்கா சொன்னதோடு ஒன்று. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாதவர்கள் "எனக்குச் சட்டம் உதவாது" என்று சொல்வதைக் கேட்பீர்கள். 1 மார்ச் 1982-இல் அமலுக்கு வந்த 164-ஆம் சட்டத்தின்படி முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவாக வேண்டும், உண்மை. ஆனால் 1994 குடும்ப வன்முறைச் சட்டம், சமயச் சடங்குப்படி திருமணம் செய்து பதிவு செய்யாதவரையும் துணைவராகவே எடுத்துக்கொள்கிறது. 2018 தொடக்கத்திலிருந்து சமூகநல அதிகாரியே 7 நாள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம், நீதிமன்றம் போகத் தேவையில்லை. ஆய்வேட்டுக்குத் தேவையில்லாமல் போகலாம், அந்தச் சீட்டுக்குத் தேவை.

லுனாஸ்_தம்பி:
எத்தனை பேரைப் பேட்டி எடுக்கணும் அக்கா? 12 போதும் என்று எங்கேயோ படித்தேன்.

நூலகத்_தூசி:
2006-இல் கெஸ்ட் முதலானோர் எழுதிய கட்டுரை அது. ஒரே மாதிரியான ஆட்களிடம் 12 நேர்காணலுக்குள் புதிய குறியீடுகள் (பேச்சின் பகுதிகளுக்கு நாம் இடும் கருத்துப் பெயர்கள்) வருவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்றார்கள், அந்த நிலைக்குப் பெயர் "நிறைவு". "ஒரே மாதிரியான" என்ற சொல்லை விட்டுவிட்டு 12-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதே ஆண்டில் கருப்பொருள் பகுப்பாய்வு முறையை எழுதிய பிரவுன், கிளார்க் இருவரும் பிறகு இந்த "நிறைவு" என்ற கருத்தே தங்கள் முறைக்குப் பொருந்தாது என்றார்கள். ஆகவே முறையை அவர்களிடம் எடுத்து எண்ணிக்கையை கெஸ்ட்டிடம் எடுத்தால் வாய்மொழித் தேர்வில் மாட்டுவீர்கள் தம்பி.

ஜெலுத்தோங்காரன்:
இதில் நான் உடன்படவில்லை. பகுதி நேர மாணவருக்கு எண்ணிக்கையை முடிவு செய்வது தத்துவமல்ல, எழுத்துப்பெயர்ப்பு நேரம். முக்கால் மணி நேரத் தமிழ்ப் பேச்சு, நடுநடுவே மலாய், ஆலைச் சொற்கள். எழுத்தில் கொண்டுவர 6 மணி நேரம் வையுங்கள். 20 பேர் என்றால் 120 மணி நேரம். வாரத்துக்கு 8 மணி நேரம் கிடைத்தால் 15 வாரம். மொழிபெயர்ப்பு இதில் சேரவில்லை. 14, 15 பேர், ஆளுக்கு இரண்டு நாட்குறிப்பு, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

நூலகத்_தூசி:
எண்ணிக்கை சரி. ஆனால் நேரமில்லை என்பதை ஆய்வேட்டில் காரணமாக எழுத முடியாதே ஐயா. திருமணமானவர், தனித் தாய், கூட்டுக் குடும்பம் என்று மூன்று வகை, வகைக்கு ஐந்து பேர், ஒப்பிடுவதற்காக. இப்படி எழுதினால் 15 நிற்கும்.

ஜெலுத்தோங்காரன்:
அது நல்லாயிருக்கு, ஒப்புக்கொள்கிறேன்.

வெட்டுக்காடு:
தமிழில் எடுத்தால் ஏற்பார்களா என்று மேகலை கேட்டதற்கு வருவோம். ஏற்பார்கள். ஆய்வேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், சுருக்கம் இரண்டிலும் வேண்டும். மேற்கோள்களைத் தமிழிலும் மொழிபெயர்ப்பிலும் சேர்த்துத் தரலாம். என் அழுத்தமான கருத்து: மொழிபெயர்த்த பிறகு குறியீடு போடாதீர்கள், தமிழ்ப் பிரதியிலேயே போடுங்கள்.

ஏன் என்றால் இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "சம்பளத்த அவருகிட்ட கொடுத்திருவேன்." "சம்பளம் அவருகிட்ட போயிரும்." இரண்டையும் மொழிபெயர்க்கும்போது கணவரிடம் சம்பளம் தருகிறார் என்று ஒன்றாகிவிடும். முதலாவதில் கொடுப்பவள் இருக்கிறாள். இரண்டாவதில் சம்பளம் தானாக நடந்து போகிறது, ஆளே இல்லை. அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற உங்கள் முழு வாதமும் அந்த வினைமுற்றில் கிடக்கிறது. "அனுசரிச்சுப் போறது", "விட்டுக் குடுக்கிறது", "கண்டுக்காம இருக்கிறது" இந்த மூன்றும் ஒன்றல்ல, மூன்றுக்கும் தனிக் குறியீடு போடுங்கள். "அவரு கூட மாட ஒதவுவாரு" என்பதில் "ஒதவுவாரு" என்ற சொல்லே ஒரு கண்டுபிடிப்பு. வேலை யாருடையது என்று அது சொல்லிவிட்டது.

கேள்வியும் அப்படித்தான். "உங்கள் வீட்டில் பாலின அடிப்படையில் வேலைப் பகிர்வு உள்ளதா?" என்று கேட்டால் முழிப்பார்கள். "நேத்து ராத்திரி நீங்க வேலைக்குக் கெளம்புனப்ப அடுப்புல என்ன இருந்துச்சு, யாரு வச்சது?" என்று கேளுங்கள். அங்கிருந்து ஒரு மணி நேரம் ஓடும்.

குறியீடு போடும் மென்பொருள் எதுவானாலும் சரி, என்விவோ, அட்லஸ் டிஐ இரண்டும் யூனிகோட் தமிழைப் படிக்கும். ஆனால் சொல் எண்ணிக்கை வசதியை நம்பாதீர்கள். "வேலை, வேலைக்கு, வேலையில, வேலைன்னு" நான்கையும் நான்கு சொல்லாக எண்ணும். அதை வைத்துச் சொல்மேகம் போட்டு ஒரு பக்கத்தை நிரப்புவது வீண் வேலை.

நூலகத்_தூசி:
பழைய பத்திரிகை பார்க்க நினைத்தால்: தமிழ் நேசன் 1924 முதல் 2019 வரை வந்தது. சிங்கப்பூரின் தமிழ் முரசு அந்நாட்டுத் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் இருக்கிறது, வீட்டிலிருந்தே பார்க்கலாம். தேடுபெட்டியை மட்டும் நம்பி "பெண் தொழிலாளர்" என்று தட்டி ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பழைய அச்செழுத்தைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்து வைத்திருக்கும். தேதி வாரியாகப் பக்கம் புரட்டுவதே வழி. 1972, 73-இல் வேலை விளம்பரங்களிலிருந்து தொடங்குங்கள்.

நூற்பட்டியலில் இன்னொரு தலைவலி, பெயர். நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. ஏ/எல், ஏ/பி-க்குப் பிறகு வருவது அப்பா பெயர். நூற்பட்டியல் மென்பொருளான ஜோட்டெரோ அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு பெண் ஆய்வாளர்கள் எல்லோரையும் அப்பா பெயரில் வரிசைப்படுத்தும். மகளிரியல் ஆய்வேட்டில் இது நடப்பதைவிட வேடிக்கை வேண்டுமா? பெயர்ப் பெட்டியை ஒற்றைப் பெட்டியாக மாற்றி இயற்பெயரை முதலில் இடுங்கள். தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ஒரே முறை. ஒரே பட்டியலில் "தொழிலாளர்" மூன்று விதமாக வந்தால் சரிபார்ப்பவர் முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்புவார்.

லுனாஸ்_தம்பி:
கலைச்சொல் எதைப் பயன்படுத்துவது? பாலினமா, பால்நிலையா?

வெட்டுக்காடு:
தமிழ்நாட்டிலும் இங்கேயும் பாலினம், இலங்கையில் பால்நிலை. உடல் சார்ந்ததற்குப் பால், சமூகம் கட்டியதற்குப் பாலினம் என்று முதல் இயலில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடைசி வரை மாறாதீர்கள். துறைப் பெயராக மகளிரியல் தமிழ்நாட்டில் ஊன்றிவிட்டது. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984 முதல் இருக்கிறது, அங்கிருந்து வரும் தமிழ்க் கட்டுரைகளில் அந்தச் சொல்லைப் பார்ப்பீர்கள்.

ஈப்போ_ரோடு_டேட்டா:
பணம். கேடபிள்யூஎஸ்பியில் (ஊழியர் சேமநிதி) கல்விக்கு எடுக்கலாம், செஜாத்ரா கணக்கிலிருந்து. மே 2024 மாற்றத்துக்குப் பிறகு மாதச் சந்தாவில் 15 விழுக்காடு மட்டுமே அதற்குள் போகிறது, அதனால் இருப்பைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். வருமான வரியில் சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. மாஸ்டர், பிஎச்டி என்றால் எந்தத் துறையானாலும் செல்லும். அதற்குக் கீழ்நிலைப் படிப்புக்குத்தான் துறைக் கட்டுப்பாடு. கட்டண ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ஏழு ஆண்டு பத்திரப்படுத்துங்கள். கட்டணத்தோடு நிற்காதீர்கள்: நேர்காணல் கொடுப்பவருக்குப் போக்குவரத்துக்கு 20, 30 ரிங்கிட், அச்சு, நூற்கட்டு, பிழைதிருத்தம் எல்லாம் சேரும். நேர்காணலுக்கு 100, 200 என்று கொடுத்தால் அறநெறிக் குழு அதைத் தூண்டில் என்று பார்க்கும்.

பட்டர்வொர்த்_மேகலை:
எல்லோருக்கும் நன்றி. திருத்திய கேள்வி: "பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைகளில் 12 மணி நேர இரவு ஷிப்ட் பார்க்கும் தாய்மார்களான தமிழ்ப் பெண்களின் வீட்டில், ஷிப்ட் நாளிலும் ஓய்வு நாளிலும் பராமரிப்பு வேலை ஏன் பெண்களிடமே தங்குகிறது?" மேற்பார்வையாளருக்கு இப்படியே மின்னஞ்சல் அனுப்பலாமா?

ஜெலுத்தோங்காரன்:
ஒரே பக்கம். கேள்வி, ஏன் பாயான் லெப்பாஸ், யார், எத்தனை பேர், எப்படி, எப்போது களம். அதற்கு மேல் இணைப்பு வேண்டாம். பத்துப் பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள், ஒரே மையத்தில் அவர்கள் பேசிக்கொள்வார்கள். அவர்களுடைய கட்டுரை ஒன்றைப் படித்து உங்கள் கேள்வி எங்கே அதைத் தொடுகிறது என்று இரண்டு வரி. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம்.

வெட்டுக்காடு:
அனுப்பும் முன் "ஏன்" என்பதை "எப்படி" என்று மாற்றுங்கள் மேகலை. "ஏன்" என்றால் காரணத்தை நிரூபிக்க வேண்டும், 15 பேரை வைத்து அது முடியாது. "தங்குகிறது" என்பதும் விடையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. "எப்படிப் பிரிகிறது" என்று வையுங்கள். ஒரு வீட்டில் அப்பா சோறு வடித்துக்கொண்டிருக்கலாம், அந்தத் தாளும் உங்கள் கைக்கு வர வேண்டும்.